அப்பா காலத்துக் கருப்பு வெள்ளை நெகட்டிவ்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்ய முடியுமா? எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

தாராளமாக முடியும். ஆதார் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் ஸ்கேன் செய்யும் சாதாரண ஸ்கேனரில் மட்டும் வராது. அது கீழேயிருந்து வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதைப் படிக்கிற கருவி. நெகட்டிவுக்குப் பின்பக்கமிருந்து வெளிச்சம் ஊடுருவி வர வேண்டும், அதற்கு மூடியில் விளக்கு வைத்த ஸ்கேனரோ, பிலிமுக்கென்றே செய்த ஸ்கேனரோ தேவை.

வாங்கப் போகும் முன் ஒரு விஷயம். பிலிம் ஸ்கேனர் விளம்பரங்களில் தூசியையும் கீறலையும் தானாகவே நீக்கும் 'டிஜிட்டல் ஐஸ்' போன்ற வசதியைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கிறது. கலர் பிலிமில் படம் சாயத்தால் ஆனது, அகச்சிவப்பு அதைத் தாண்டிப் போய்விடும், தூசி மட்டும் மறைக்கும், உடனே மாட்டிக்கொள்ளும். கருப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள்தான். வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுப்பதால் எது தூசி, எது பாட்டியின் மூக்குத்தி என்று கருவிக்குத் தெரியாது, போட்டால் முகமெல்லாம் குழம்பி வரும். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி கலர் கெமிக்கலில் கழுவும் கருப்பு வெள்ளை பிலிமுக்கு மட்டும் இது சரிப்படும். ஆகவே இதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பதெல்லாம் 35 மி.மீ. கருப்பு வெள்ளை என்றால், 35 மி.மீ. பிலிமுக்கென்றே உள்ள பிளஸ்டெக் ஸ்கேனர்களில், அகச்சிவப்பு உள்ள 8200i தேவையில்லை, அது இல்லாத 8100 போதும்.

ஆனால் முதலில் நெகட்டிவின் அளவைப் பாருங்கள். ஆக்ஃபா கிளிக் த்ரீ மாதிரி கேமராவில் எடுத்ததென்றால் சதுரமாக, ஒரு பக்கம் ஏறக்குறைய 6 செ.மீ. இருக்கும், அது 120 ரோல். பிளஸ்டெக்கில் அது நுழையாது, எப்சன் வி600 மாதிரி, மூடியில் விளக்குள்ள தட்டையான பிளாட்பெட் ஸ்கேனர் வேண்டும், அதில் இரண்டு அளவும் வைக்கலாம். பெட்டியில் 6400 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 6400 புள்ளி) என்று இருந்தாலும் அது உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதில் பாதிகூட இல்லை, 2400-க்கு மேல் வைத்தால் ஃபைல்தான் பெருக்கும். 120 நெகட்டிவுக்கு 2400-லேயே ஒரு பக்கம் 5,000 பிக்சலுக்கு மேல் கிடைக்கிறது, சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரிண்ட் போடலாம். வீட்டில் ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் கேமராவும், மிக அருகில் வைத்துப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸும் இருந்தால் ஸ்கேனரே வேண்டாம், ஒரு எல்இடி லைட் பேடு வாங்கி அதன்மேல் நெகட்டிவை வைத்துப் படமெடுங்கள். 35 மி.மீ.க்கு எனக்கு இதுதான் பிடித்த வழி. கேமராவில் எஃப்8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) என்று வையுங்கள், சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கருப்புத் தாளால் மறைத்துவிடுங்கள். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க, நெகட்டிவ் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வையுங்கள், லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிந்தால் சரி.

கருவி எதுவானாலும் தூசியைக் கையால்தான் எடுக்க வேண்டும், நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஃபேனை நிறுத்துங்கள், பருத்திக் கையுறை போடுங்கள், ரப்பர் ப்ளோயரால் ஊதிவிட்டு மென்மையான பிரஷால் ஒரே திசையில் துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்திருக்கும், அதைத் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு பூஞ்சை அரித்த இடத்தில் கரைந்து படமும் சேர்ந்து போய்விடும். வினிகர் வாடை அடிக்கும் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், மற்றவற்றோடு வைக்காமல் பிரித்து, அதை முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது 16 பிட் கிரேஸ்கேல், டிஃப் ஃபைல், ஷார்ப்பனிங்கும் ஆட்டோ திருத்தமும் ஆஃப். ஹிஸ்டோகிராமின் (கருப்பிலிருந்து வெள்ளை வரை எந்த நிறம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இரு முனையும் வெட்டுப்படாமல் இருந்தால் போதும், படம் வெளிறித் தெரிந்தாலும் பயப்படாதீர்கள், கான்ட்ராஸ்டை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். வெட்டுப்பட்ட விவரம் திரும்ப வராது. நெகட்டிவை டிஎஸ்எல்ஆரில் படமெடுத்திருந்தால், ஜிம்ப், டார்க்டேபிள் மாதிரி இலவச மென்பொருளில் நீங்களே பாசிட்டிவாக மாற்ற வேண்டும், கலர் நெகட்டிவில் இருக்கும் ஆரஞ்சு பூச்சு இதில் கிடையாது என்பதால் சுலபம். இடம் வலம் மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தானை வலது தோளிலும் சட்டைப் பை வலது மார்பிலும் வந்திருந்தால் பிலிமைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள்.

முடிந்ததும் நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பத்து வருடம் கழித்து இதைவிட நல்ல கருவி வரும். பிவிசி கவர் பிலிமைக் கெடுக்கும், பாலிபுரொப்பிலீன் கவர் வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் வையுங்கள். பரணில் வேண்டாம், அங்கே சூடு அதிகம்.