டென்மார்க் அலுவலகங்களில் மேலாளரையே எல்லார் முன்னாலும் மறுத்துப் பேசுகிறார்களே, ஏன்? வெளிநாட்டு ஊழியர்கள் அங்கே எப்படி ஒத்துப்போவது?

இதைத் தட்டையான நிர்வாகம் என்பார்கள். பதவி வித்தியாசம் உண்டு, ஆனால் பேச்சில் அது தெரியாது. தலைமை அதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நேற்றுச் சேர்ந்தவரும் "இது சரிவராது" என்று சொல்லலாம்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் நீண்ட பேச்சுவார்த்தை மரபு இருக்கிறது. 1899-இலேயே முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஒன்றையொன்று அங்கீகரித்து ஒப்பந்தம் போட்டன. 1947-இல் நிறுவனங்களுக்குள்ளேயே இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் குழுக்களுக்கு உடன்பாடு வந்தது. ஆகவே கருத்துச் சொல்வதும் வேலையில் சேர்த்தி. பந்தி போடுமுன் சமையல்காரர் சாம்பாரை ருசி பார்க்கச் சொல்கிறார். "உப்பு கம்மி" என்றால் கோபித்துக்கொள்வாரா என்ன?

உரசல் வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். வெளிநாட்டவர் மரியாதைக்காகப் பேசாமல் இருப்பார்; டேனியர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். "நேரமிருந்தால் இதைப் பாருங்களேன்" என்று மேலாளர் சொன்னால் அது உத்தரவாகவே இருக்கலாம். புதியவரோ உண்மையிலேயே நேரமிருந்தால் பார்ப்பார்! எனவே மேலாளர் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதை உடைத்துச் சொல்லட்டும். கூட்டத்தில் பேசவேண்டியதை முந்தின நாளே அனுப்பிவிட்டால், தயங்குபவரும் தயாராக வருவார். மதியச் சாப்பாட்டு மேசையில் பேச்சு டேனிஷுக்குத் தாவிவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். பாதி நட்பு அங்கேதான் உருவாகிறது.

எல்லாரும் பேசலாம் என்பதால் எல்லாரும் சேர்ந்துதான் முடிவெடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வேலையை நடத்தும் உரிமை முதலாளிக்கே என்று அந்த 1899 ஒப்பந்தமே சொல்லிவிட்டது.