செய்தி போய்ச் சேரவும் சேவை பயன்படவும்: மலேசிய ஆய்வெழுத்தாளர் சங்கங்களின் கேள்விகளுக்குப் பதில்

புலனத்தில் (வாட்ஸ்அப்) 180 உறுப்பினருக்கு பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியல்) அனுப்புகிறோம். பாதிப் பேர் 'வரவே இல்லை' என்கிறார்கள். பொய் சொல்கிறார்களா? — செயலாளர், செந்தூல்

இல்லை, அவர்களுக்கு உண்மையாகவே வந்திருக்காது. உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போகும். செயலவை மாறும்போது செயலாளரின் எண்ணும் மாறுகிறது. உறுப்பினர்களிடம் இருப்பது பழைய செயலாளரின் எண். தொடர்பு அறுபடுவது அந்த இடத்தில்தான்.

சங்கத்தின் பெயரில் தனி சிம் ஒன்று வாங்கி, செயலவை மாறினாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துத் 'தகவல்' பகுதியைத் திறந்தால் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும். அதில் இல்லாதவர்களை நாளுக்குப் பத்துப் பேராக அழைத்து எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவர் என்பதால், அதற்குமேல் போனால் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும். எல்லாரையும் ஒரே குழுவில் போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஆதரிக்க மாட்டேன். எல்லாருடைய கைப்பேசி எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்; மூன்றாம் நாளே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் கூட்ட அறிவிப்பு புதைந்துவிடும். அதற்குப் பதிலாகப் புலனத்தின் 'கம்யூனிட்டி' வசதியைப் பயன்படுத்துங்கள்; அதன் அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். உறுப்பினர் எண்களும் மற்றவர்களுக்குத் தெரியாது.

புலனம் பயன்படுத்தாத மூத்த உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்திதான் வழி. அதில் ஒன்றைக் கவனியுங்கள்: ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள், தமிழில் 70 மட்டுமே. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். 'ஆண்டுப் பொதுக்கூட்டம்' என்பதற்கே 21 போய்விடும். நாள், நேரம், இடம் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காலாண்டுச் செய்திமடலை அழகாக வடிவமைத்து பிடிஎஃப் ஆக அனுப்புகிறோம். யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. — செயலவை உறுப்பினர், ஜார்ஜ்டவுன்

ஏ4 அளவில் இரண்டு பத்தியாக அடுக்கிய மடலைக் கைப்பேசியில் படிக்க, ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டும். செய்தியை மின்னஞ்சலின் உடலிலேயே எழுதுங்கள். பிடிஎஃப் சேமிப்புக்கு மட்டும் இருக்கட்டும். தலைப்பில் 'செய்திமடல் 3' என்று போடுவதைவிட 'ஜூன் 14-க்குள் கட்டுரைச் சுருக்கம் அனுப்புக' என்று போட்டால் திறப்பார்கள்.

பழைய எழுத்துருவில் தட்டெழுதிய மடல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. திரையில் தமிழாகத் தெரிவது, நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற உரோமன் எழுத்தாகிவிடும். தேடினாலும் கிடைக்காது. ஆய்வாளர்களுக்கான மடலில் இது பெரிய இழப்பு. யூனிகோடுக்கு மாற்றியே வெளியிடுங்கள்.

முகவரிகளை எப்போதும் 'பிசிசி'யில் (பெறுநர்களின் முகவரி ஒருவருக்கொருவர் தெரியாத கட்டம்) போடுங்கள். இலவச ஜிமெயில் கணக்கில் நாளுக்கு 500 பேருக்குமேல் அனுப்ப முடியாது. சங்கத்துக்குச் சொந்த டொமைன் இருந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை (மடல் உண்மையாகவே உங்களிடமிருந்து வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) அமைத்துத் தரும்படி அதைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். 2024 பிப்ரவரி முதல் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது ஜிமெயிலின் விதி. இல்லையென்றால் உங்கள் மடல் ஸ்பேமில் கிடக்கும்.

சந்தா வங்கியில் விழுகிறது. யார் கட்டியது என்று தெரியவில்லை. — பொருளாளர், பட்டர்வொர்த்

வங்கி அறிக்கையில் வருவது அடையாள அட்டைப் பெயர். உங்கள் பதிவேட்டில் இருப்பது புனைபெயரோ கட்டுரையில் போடும் பெயரோ ஆக இருக்கலாம். சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரை உரோமன் எழுத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். பதிவேட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: அடையாள அட்டைப் பெயர், ஆய்விதழில் வரும் பெயர், தமிழ்ப் பெயர். டுயிட்நவ் (மலேசிய வங்கிகளின் உடனடிப் பணமாற்றுச் சேவை) குறிப்பில் உறுப்பினர் எண்ணையும் ஆண்டையும் மட்டும் எழுதச் சொல்லுங்கள்: 0147-26 என்பதுபோல. பணம் வந்த மூன்று நாளுக்குள் ரசீது போக வேண்டும். ரசீது வராதவர் அடுத்த ஆண்டு தயங்குவார்.

இந்த மூன்று கட்டங்கள் வசூலுக்கு மட்டுமல்ல. அனைத்துலக ஆய்வுத் தளங்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். கவிதா ஏ/பி (மகள்) இராமசாமியும் அவர் தம்பி குமார் ஏ/எல் (மகன்) இராமசாமியும் கட்டுரை எழுதினால், உரோமன் எழுத்தில் இருவருமே 'இராமசாமி கே.' ஆகிவிடுவார்கள். அக்காவின் மேற்கோள்கள் தம்பியின் கணக்கில் ஏறும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் தரும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண் இதைத் தீர்க்கும், பதிவு இலவசம். ஒரு சனிக்கிழமை காலையில் மடிக்கணினிகளோடு அமர்ந்து இருபது பேருக்குப் பதிந்து கொடுங்கள். சங்கம் செய்யக்கூடிய சேவைகளில் இதைவிட மலிவானது எனக்குத் தெரியவில்லை.

விருந்து, பொன்னாடை தவிர வேறு என்ன சேவை தரலாம்? — தலைவர், பிரிக்பீல்ட்ஸ்

ஒப்பந்தம் படித்துக் கொடுங்கள். இளம் விரிவுரையாளர் முதல் நூலை வெளியிடும் மகிழ்ச்சியில் எதிலும் கையெழுத்திட்டுவிடுகிறார். 'நூலின் எல்லா உரிமைகளும் பதிப்பகத்துக்கு' என்ற ஒற்றை வரியில் மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல் எல்லாம் அடங்கிவிடும். மலேசியாவில் எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. எழுதிக் கொடுத்தது பேரப்பிள்ளைகள் காலம்வரை கட்டுப்படுத்தும். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எனவே பேச்சில் ஒப்புக்கொண்டதைப் பற்றிக் கவலைப்படுவதைவிடத் தாளில் இருப்பதைப் பாருங்கள். எந்த வடிவம், எந்த மொழி, எத்தனை ஆண்டு, நூல் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை திரும்புமா, விற்பனைக் கணக்கு எப்போது வரும் என்ற ஐந்தையும் கேட்கும் ஒரு பக்கத் தாளைத் தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். சட்டக் கருத்து தேவைப்பட்டால் வழக்கறிஞரிடமே அனுப்புங்கள். உறுப்பினர் காட்டிய ஒப்பந்தத்தைச் செயலவைக் கூட்டத்தில் பேசாதீர்கள்.

ஆய்வடங்கல் (ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பு) வெளியிட்டோம். தேசிய நூலகத்துக்கு எத்தனை படி? — பத்து கேவ்ஸ்

அச்சு நூலுக்கு ஐந்து படி, வெளியான ஒரு மாதத்துக்குள். நூலுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணும் அங்கேதான் பெற வேண்டும். ஆண்டுதோறும் வரும் இதழானால் கேட்க வேண்டியது தொடர் இதழ்களுக்கான ஐ.எஸ்.எஸ்.என்.

பொதுக்கூட்ட அறிவிப்பைப் புலனத்தில் மட்டும் அனுப்பினால் போதுமா? — ஆயர் ஈத்தாம்

உங்கள் சங்கச் சட்டவிதியில் அறிவிப்பு எப்படிப் போக வேண்டும் என்று இருக்கிறதோ அப்படித்தான். 'எழுத்து மூலம், 14 நாளுக்கு முன்' என்றிருந்தால் கடிதமும் அனுப்பிவிடுங்கள். மின்வழி அறிவிப்பும் செல்லும் என்று அடுத்த கூட்டத்தில் விதியைத் திருத்திக்கொள்ளலாம். கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும். அந்த இலாகாவின் இணையத் தளமான இரோசஸ் (eROSES) கணக்கின் கடவுச்சொல் பழைய செயலாளரிடம் இருந்தால், கூட்டம் நடக்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள்.