செல்லைத் துளைத்து ஓடும் ரத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தந்துகிகளை, அதாவது மிக மெல்லிய ரத்தக் குழாய்களைப் பற்றிய கட்டுரையில் ‘சில இடங்களில் ஒரே செல்லைத் துளைத்துக்கொண்டு ரத்தம் போகிறது’ என்று எழுதியிருந்தீர்கள். நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பல செல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வளைந்து குழாயாகின்றன என்றுதான் கரும்பலகையில் வரைகிறேன். செல்லுக்குள் சைட்டோபிளாசம் என்ற கூழ் அல்லவா இருக்கும்? அங்கே ரத்தம் புகுந்தால் செல் செத்துவிடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் வரைவது சரிதான். பெரிய நாளங்கள் அப்படித்தான் இருக்கின்றன. தந்துகியில் சில இடங்களில் ஒரே செல் பாயைச் சுருட்டியதுபோல வளைந்து, தன் ஓரத்தோடு தானே ஒட்டிக்கொள்ளும். அங்கே நீளவாக்கில் ஒரு தையல் இருக்கும். நான் எழுதியது அந்தத் தையலும் இல்லாத குழாயைப் பற்றி.

உளுந்து வடையின் ஓட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அது வடையின் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டைக்குள் விரலை விட்டால் விரலில் படுவது மேல்தோல்தான், உள்ளே வெந்த மாவு இல்லை. செல்லிலும் இதேதான். துளையின் சுவர் முழுக்க செல்லைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலான செல் சவ்வு. ரத்தம் சைட்டோபிளாசத்தைத் தொடுவதே இல்லை. செல் சாகாததற்குக் காரணம் அதுதான்.

அந்த ஓட்டை எப்படி விழுகிறது என்பதில்தான் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 1980இல் ஜூடா ஃபோக்மன், கிறிஸ்டியன் ஹாடன்சைல்ட் என்ற ஆய்வாளர்கள் தந்துகிச் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தபோது, அவை தாமாகவே குழாய்களாயின. செல்லுக்குள் குமிழ்கள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட துளையாயின. 2006இல் பிராண்ட் வைன்ஸ்டைன் குழுவினர் உயிருள்ள ஜீப்ரா மீன் கருவில் அதையே கண்டதாக எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் அது. ஆனால் இரண்டே ஆண்டில், அதே மீனின் அதே நாளங்களில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதையும், துளை அவற்றுக்கு இடையில் ஓடுவதையும் வேறொரு குழு காட்டியது. ஒரே விளக்கம் எல்லா நாளத்துக்கும் பொருந்தாது என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

ஒரு செல்லைத் துளைக்கும் வேலையை இன்னும் நெருக்கத்தில் காட்டியது 2016இல் ஹோல்கர் கெர்ஹார்ட் குழுவின் ஆய்வு. ஜீப்ரா மீன் கரு கண்ணாடிபோல் இருக்கும். சவ்வு ஒளிரும்படி செய்துவிட்டால், முளைக்கும் நாளத்தை உயிரோடு பார்க்கலாம். பின்னாலிருந்து ரத்தம் முட்டுகிறது. சவ்வு செல்லுக்குள் கொப்புளம் கொப்புளமாகப் புடைக்கிறது. செல் சும்மா இருப்பதில்லை. கொப்புளத்தைச் சுற்றி, தசையைச் சுருக்குகிற அதே வகைப் புரதங்களான ஆக்டினும் மயோசினும் திரண்டு, இறுக்கி, வந்த வழியே தள்ளிவிடுகின்றன. போக வேண்டிய திசையில் புடைப்பது மட்டும் நீண்டுகொண்டே போகிறது. அழுத்தம் குறைந்தால் துளை முன்னேறுவதில்லை. இறுக்கும் திறனைக் கெடுத்தால் துளை கண்ட பக்கமெல்லாம் புடைத்து உருக்குலைகிறது. இதயம் தள்ளுவதும் செல் தடுப்பதும் சேர்ந்துதான் அந்த வழியை வகுக்கின்றன. இதைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

எதிரிலிருந்து வரும் நாளத்தின் நுனிச் செல்லை இந்தச் செல் தொடும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சிறு பொந்து உருவாகியிருக்கும். நீளும் துளை அதை எட்டியதும் இரு சவ்வுகளும் ஒன்றாகித் திறந்துகொள்கின்றன; ரத்தம் அந்தப் பக்கம் போகிறது.

அழுத்தமே இல்லாமலும் இது நடக்கும். பழ ஈயின் மூச்சுக்குழல் நுனியில் ஒரே செல் மரம்போல் கிளைவிட்டு, கிளைக்குள்ளெல்லாம் காற்றுக்குழாய் வைத்துக்கொள்கிறது. ரத்தம் தள்ளாத இடத்தில் செல்லே துளையைக் கட்டிக்கொள்கிறது.

வகுப்பில் காட்ட ஒரு பலூன் போதும். லேசாக ஊதி முடிச்சுப் போட்டு, ஒரு பிள்ளையை விரலால் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். விரல் நடுப்பகுதிவரை போகும். உள்ளே இருக்கும் காற்று விரலில் படுகிறதா என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.