கேள்வி – பதில்: ஆங்கிலமும் அலுவலகமும்

கேள்வி: போர்வீரனைக் குறிக்கும் ‘நைட்’ முன்னால் ஒரு ‘கே’, கடனைக் குறிக்கும் ‘டெட்’ நடுவில் ஒரு ‘பி’ (b). உச்சரிக்காத எழுத்தை ஏன் எழுத வேண்டும்?

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு. ‘நைட்’டின் ‘கே’ ஒரு காலத்தில் வாயில் ஒலித்த எழுத்துதான். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த ‘க்’ உதிர்ந்தது. அதற்குள் அச்சு வந்துவிட்டது. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்துவிட்டார். எழுத்துக்கூட்டல் மெல்ல இறுகிய அதே காலத்தில், சுமார் 1400 முதல் 1700 வரை, நெடில்களின் ஒலி இடம் மாறியது. ‘ஹூஸ்’ என்று சொன்ன வீடு ‘ஹவுஸ்’ ஆனது. எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

‘டெட்’டின் ‘பி’ ஆங்கிலத்தில் என்றுமே ஒலித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து ‘பி’ இல்லாமல் வந்த சொல் அது. லத்தீன் மூலம் ‘டெபிட்டும்’ என்று கண்ட அறிஞர்கள் பிறகு அதைச் செருகினார்கள். ‘ரிசீட்’டில் உள்ள ‘பி’யும் (p) அப்படித்தான். மனப்பாடம் செய்யத் தேவையில்லை, உறவுச்சொல்லைத் தேடுங்கள். ஓரிடத்தில் மறைந்த எழுத்து பெரும்பாலும் இன்னோரிடத்தில் வாய்விட்டுப் பேசும்: டெட்–டெபிட், ரிசீட்–ரிசெப்ஷன், சைன்–சிக்னேச்சர்.

கேள்வி: மின்னஞ்சலில் ‘கமென்ஸ்’, ‘பர்ச்சேஸ்’, ‘டெர்மினேட்’ என்று எழுதினால் “எளிமையாக எழுதுங்கள்” என்கிறார் மேலாளர். பெரிய சொல்தானே மரியாதை?

பதில்: அந்த எண்ணத்தின் வேர் 1066இல் இருக்கிறது. வட பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. உழவரும் தொழிலாளரும் ஆங்கிலம் பேசினார்கள். வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று 1362இல் சட்டம் வந்தது, அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! ‘பிகின்’, ‘பை’, ‘எண்ட்’ ஆகியவை மண்ணின் சொற்கள். ‘கமென்ஸ்’, ‘பர்ச்சேஸ்’ பிரெஞ்சு வழி வந்தவை, ‘டெர்மினேட்’ லத்தீன். அதிகாரத்தின் வாசனை இன்னும் அவற்றில் ஒட்டியிருக்கிறது.

வேலை சொல்லும் கடிதத்துக்கு அந்த வாசனை வேண்டாம். ‘தி வொர்க் வில் பி கமென்ஸ்ட் ஷார்ட்லி’ என்ற வாக்கியத்தில் யார், எப்போது என்ற இரண்டுமே இல்லை. ‘வி வில் ஸ்டார்ட் ஆன் மண்டே’ என்றால் இரண்டும் வந்துவிடும். ஒரு வாக்கியத்தில் ஒரு கோரிக்கை போதும். தேதியில் மாதத்தின் பெயரை எழுதுங்கள்: 03/04 என்பது பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. ‘வெள்ளிக்குள்’ என்றால் ‘பை ஃப்ரைடே’. ‘வெள்ளி வரை’ என்றால் ‘அன்டில் ஃப்ரைடே’. ‘ஐ வில் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதினால், வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள் என்று பொருள்படும்.

ஆனால் சின்னச் சொல் எப்போதும் எளிது என்றும் நினைக்காதீர்கள். ‘புட் ஆஃப்’, ‘கால் ஆஃப்’ இரண்டிலும் உள்ளவை குட்டிச் சொற்கள்தான். ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். அங்கே ‘போஸ்ட்போன்’, ‘கேன்சல்’தான் தெளிவு. ஒப்பந்தத்தில் உள்ள ‘டெர்மினேட்’டையும் தொடாதீர்கள், அதற்குச் சட்டப் பொருள் உண்டு.

கேள்வி: ‘ஐ ஹேவ் எ டவுட்’ தவறா?

பதில்: தமிழில் ‘சந்தேகம்’ என்பது கேள்விக்கும் அவநம்பிக்கைக்கும் பொது. ஆங்கில ‘டவுட்’ பெரும்பாலும் அவநம்பிக்கையே. ஒருவருடைய அறிக்கையைப் பற்றி அப்படிச் சொன்னால் ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று கேட்கும். ‘கொஸ்டின்’ என்று சொல்லுங்கள். இந்த ‘டவுட்’டிலும் லத்தீனைப் பார்த்துச் செருகிய ‘பி’ (b) ஒன்று உண்டு.

கேள்வி: தாய்மொழிச் சாயல் மாறாமல் வேலையில் ஆங்கிலம் பேசலாமா?

பதில்: தாராளமாக. சர்வதேச விமானிகளுக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் திறனை அளக்க ஆறு நிலை அளவுகோல் உண்டு; குறைந்தது 4ஆம் நிலை வேண்டும் என்ற விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அந்த நிலையில் தாய்மொழிச் சாயல் இருக்கலாம், அது புரிதலைச் சில நேரங்களில் மட்டுமே தடுக்கலாம், அவ்வளவே.

அங்கே சாயலைவிடச் சொல்லின் துல்லியத்துக்கு மதிப்பு அதிகம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனியும் வானொலிக் குறுக்கீடும் காரணங்கள்தான்; ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை விமானி ஒருவிதமாகச் சொல்ல, கட்டுப்பாட்டுக் கோபுரம் வேறுவிதமாகப் புரிந்துகொண்டதும் ஒரு காரணம். இன்று புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்துசெய்யும்போதும் மட்டுமே அந்தச் சொல் வரும். மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’. அனுமதியைப் பெற்றவர் அதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும்.

தொலைபேசியில் நீங்களும் இதைச் செய்யலாம். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் ஒன்றுபோலக் கேட்டால் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று பிரித்துச் சொல்லுங்கள்; எதிரில் இருப்பவரை எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வையுங்கள்.