குளிர்காலக் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: இரவில் சிறிதளவு மது அருந்தினால் குளிர் தாங்க முடியும் என்கிறார்களே?

பதில்: தாங்க முடியாது. மது, தோலிலுள்ள ரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு ஏறியது போலத் தோன்றும். உண்மையில் உடலின் உள்வெப்பம் அந்த வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருக்கும்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 78. இரண்டு நாட்களாகப் பேச்சு குழறுகிறது, எந்நேரமும் தூங்குகிறார், உடல் சில்லென்று இருக்கிறது. நடுக்கம் இல்லாததால் பயப்படத் தேவையில்லை அல்லவா?

பதில்: இதைக் கடிதமாக எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது தவறு, இன்னும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவில்லையென்றால் இப்போதே புறப்படுங்கள். உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதே ஆபத்து. மேலும் இறங்கும்போது நடுக்கம் நின்றுவிடும் என்பதால், நடுக்கம் இல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேச்சுக் குழறல் பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். வண்டி வரும்வரை ஈர உடையை மாற்றி, தலையையும் மார்பையும் கம்பளியால் போர்த்துங்கள், கைகால்களைத் தேய்க்காதீர்கள். பொதுவாகவே முதியவர் இருக்கும் அறையின் வெப்பம் 18 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கரி நன்றாகப் பற்றி, புகை முழுதும் அடங்கிய பிறகே தணல் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து, கதவு ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்குகிறோம். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைக்கிறோம். இந்த முன்னெச்சரிக்கை போதுமா?

பதில்: போதாது என்பதை ஒவ்வொரு குளிர்காலத்திலும் எழுதுகிறேன், ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே கேள்வி வருகிறது, இதே காரணத்தால் குடும்பம் குடும்பமாகச் சாவதும் நிற்கவில்லை. புகை கண்ணை எரிக்கும், இருமலைத் தரும், ஆளை எழுப்பி வெளியே துரத்தும். ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீறு பூத்துச் செந்நிறமாகக் கனலும் கரியிலிருந்துதான் அது தாராளமாக வெளிவருகிறது. அது தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு என்பதால், நீங்கள் வைக்கும் பாத்திரத்தால் எந்தப் பயனும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 200 மடங்கு இறுக்கமாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்வதால், மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜன் இன்றித் தவிக்கின்றன. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பியும் ஏமாறாதீர்கள்: இந்த வாயு ஏறிய ரத்தத்தை அக்கருவி ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே கணக்கிட்டு, சாகக் கிடப்பவருக்கும் 98 என்று காட்டக்கூடும்.

காலையில் வீட்டிலுள்ள பலருக்கும் ஒன்றாகத் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் இருந்து, வெளியே போனதும் குறைகிறதென்றால், உணவின் மீது பழி போடாமல் அறையைச் சந்தேகியுங்கள்; எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவந்துவிட்டு அவசர உதவியை அழையுங்கள். எரிவாயு, மண்ணெண்ணெய் ஹீட்டர்களுக்கும், வீட்டோடு ஒட்டி ஓடும் ஜெனரேட்டருக்கும், பனியில் புதைந்த காருக்குள் இன்ஜினை ஓடவிட்டு உறங்குவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடைத்த அறையில் தணல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: குளிரில் ரத்த அழுத்தம் கூடுகிறது. மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாமா?

பதில்: வயது, மாத்திரையின் பெயர், அழுத்தத்தின் அளவு எதையுமே எழுதாமல் அளவைக் கூட்டலாமா என்று கேட்டால் எந்த மருத்துவர் பதில் சொல்வார்? குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் சற்று ஏறுவது இயல்பு. ஒரு வாரம் காலை மாலை அளந்து, குறித்து, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை விடியற்காலை நடையை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இதயநோய் இருந்தால் பனியை வாரித் தள்ளும் வேலையைப் பிறரிடம் விடுங்கள்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தைக்கு எத்தனை போர்வை போர்த்தலாம்?

பதில்: ஒன்றுகூட வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை மூச்சை அடைக்கும். நீங்கள் அணிவதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக உடுத்தி, தொப்பியைக் கழற்றி, மல்லாக்கப் படுக்க வையுங்கள். பிடரியில் வியர்த்தால் உடை அதிகம் என்று பொருள்.

கேள்வி: பனியில் வேலை செய்தபின் விரல் நுனிகள் வெளுத்து மரத்துவிடுகின்றன. நெருப்பில் காட்டலாமா?

பதில்: கூடாது, மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். தேய்க்கவும் கூடாது. மறுபடி உறையும் வாய்ப்பில்லாத இடத்துக்கு வந்தபின், 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டாலோ கொப்புளம் எழுந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நீரிழிவு உள்ளவர் படுக்கையில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: படுக்கும் முன் மெத்தையைச் சூடாக்க வைக்கலாம், படுத்ததும் எடுத்துவிட வேண்டும். உணர்வு மங்கிய பாதத்தில் புண் வந்த பிறகுதான் சூடு பட்டதே தெரியவரும். கால்களுக்குக் கம்பளிக் காலுறை போதும்.