மீன் தொட்டியின் இரண்டு விளக்குகளுக்கும் தனித்தனி டைமர் தேவையா?

கட்டாயமில்லை. ஆனால் தொட்டியில் மங்கலான நீல விளக்கு ஒன்றும், செடிகளுக்கான பளீரென்ற வெள்ளை விளக்கு ஒன்றும் இருந்தால் தனித்தனியாக மாட்டுவதே மேல்.

மீனுக்கு நம்மைப் போல் இமை கிடையாது. பெரும்பாலான மீன்களின் கண்மணி சட்டென்று சுருங்கவும் செய்யாது. கும்மிருட்டில் ஒரே நொடியில் முழு வெளிச்சம் பாய்ந்தால் நியான் டெட்ரா போன்ற சிறு மீன் கூட்டம் விருட்டென்று சிதறிக் கண்ணாடியில் போய் மோதும். நீல விளக்கு பிற்பகல் 1.30க்கு எரியட்டும், வெள்ளை 2 மணிக்கு. இரவு 9க்கு வெள்ளை அணைந்தபின் நீலம் இன்னும் அரை மணி நேரம் இருந்தால் போதும். மாலையில் வீடு திரும்பி மீன் பார்க்கவும் இந்த நேரம் தோது. வெள்ளை விளக்கை 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். கண்ணாடியில் பாசி படியத் தொடங்கினால் 6 மணி நேரமாகக் குறையுங்கள். செடிக்குக் கரியமில வாயு விடுபவர் என்றால் அதன் வால்வுக்கு மூன்றாவது டைமர் வேண்டும்: வெள்ளை விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்பே அது திறக்க வேண்டும்.

கால் மணி நேரத்துக்கு ஒரு பல் என்று சக்கரம் சுற்றும் டைமர் மலிவுதான், ஆனால் மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். மின்வெட்டு உள்ள ஊரில் உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமரே சரி.

ஃபில்டரை மட்டும் எந்த டைமரிலும் மாட்டாதீர்கள்.