கதிர் கொடுத்த கணுத்துண்டுகள் கருகுவதும், மாற்றம் மறைவதும்

சிறுகிழங்கின் திசு வளர்ப்புக் கணுத்துண்டுகளுக்கு மரபணு மாற்றம் உண்டாக்க 60 கிரே (கதிர் அளவின் அலகு) காமா கதிர் கொடுத்ததில் பெரும்பாலானவை கருகிவிட்டன, தப்பியதில் ஒன்றில் வந்த வெளிர் பட்டை இலையும் அடுத்த வளர்ப்பில் பச்சையாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள்.

கருகியதற்கு அளவுதான் காரணம் என்று நினைக்கிறேன். காய்ந்த விதை நூற்றுக்கணக்கான கிரேயைத் தாங்கும். குடுவைக்குள் இருக்கும் திசுவில் தண்ணீர் அதிகம். கதிர் பட்டதும் அந்தத் தண்ணீரிலிருந்தே தனியுறுப்புகள் (free radicals, எதனோடும் சட்டென வினைபுரியும் துகள்கள்) உருவாகி டிஎன்ஏவைத் தாக்கும். அதனால் 5, 10, 20, 30, 40 கிரே என்று சிறு தொகுதிகளுக்குக் கொடுத்து, பாதி பிழைக்கும் அளவைக் கண்டுபிடியுங்கள். கதிர் கொடுக்காத தொகுதி ஒன்றும் கூடவே இருக்கட்டும். அப்புறம் அந்த அளவுக்குச் சற்றுக் கீழேயே வேலை செய்யுங்கள். கதிர் முடிந்த கையோடு புது வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

மறைந்த பட்டைதான் சுவாரசியம். மொட்டின் வளர்நுனியில் பல செல்கள் உண்டு. மரபணு மாற்றம் நிகழ்வது ஒரே செல்லில். ஆக அந்தச் செடி மாறாத பழைய செல்லும் மாறிய புதிய செல்லும் கலந்த செடி, அதாவது கைமீரா. நீங்கள் அடுத்து வெட்டிய கணு பழைய பகுதியில் இருந்திருக்கும். ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக, எண் போட்டு, மூன்று நான்கு தலைமுறை வெட்டி வளர்த்தால்தான் இரண்டும் பிரியும். தாய்க்குடுவை இன்னும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், மற்றக் கணுக்களையும் வெட்டிப் பாருங்கள்.

இலை நிறத்தை மட்டும் வைத்துக் கிழங்கு எப்படி இருக்கும் என்று மதிப்பிட வேண்டாம். அதற்கு நிலத்தில் நட்டுத் தோண்டித்தான் ஆக வேண்டும்.